நட்சத்திரத்துக்கு முன்னால் போட மறந்த கோடு

இன்று பின்னேரம் எங்கள் குசினி மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மூன்று பேர்: நான், என் மாமி, உன் மகள் ஜெனிற்றா. வேறு ஒருவரும் இல்லை. என் மனுசனும் உன் மனுசன் செபஸ்தியும் அந்த நேரம் கடலில். இப்போதும் கடலில்தான்.

உன் கணினி மேசையில் திறந்திருந்தது. சூடேறினால் அதன் விசைகளுக்குள்ளிருந்து இன்னும் கராம்பெண்ணெய் மணக்கும். தலையிடி வந்தால் நெற்றியில் அதைப் பூசிவிட்டு, கையைத் துடைக்காமல் அதே விரலால் தட்டத் தொடங்குவாய். நீ கண்ணை மூடி, வருடத் திருப்பலியும் முடிந்துவிட்டது; மணம் மட்டும் போகவில்லை. மற்ற நாட்களில் அது எனக்கு ஆறுதல். இன்றைக்கு ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டேன்.

செபமாலையை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மணி நகர்வதற்குள் வார்த்தை தப்பிப் போகிறது. மாமி சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளில் இருக்கிறார். ஜெனிற்றா கரைக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறாள். எனக்கு எழுதத்தான் வருகிறது. உனக்குத்தான் எழுத வருகிறது. இதில் என்ன பிழை நடந்தது என்று சொன்னால் உடனே விளங்கிக்கொள்ளக்கூடிய ஆள் இந்த இறக்கக்கண்டிக் கரையில் நீ ஒருத்திதான் இருந்தாய்.

நீ பெயர் வைத்த அந்தக் கோப்பு, ‘கடல் புள்ளிகள்’. வலை விடுகிற இடங்கள், கடலடிப் பார்கள், கல்லுகள், வீட்டுக்கு வருகிற வழி. ஒவ்வொரு வரியிலும் ஓர் இடத்தின் பெயர், அதன் பின்னால் இரண்டு எண்கள். போட்டில் கொண்டுபோகும் ஜிபிஎஸ் செற்றுக்குள் அதை ஏற்றிவிட்டால், இருட்டிலும் அதன் கண்ணாடித் திரையைப் பார்த்தே வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ஆபத்தான இடம் என்றால் எண்ணுக்குப் பின்னால் ஒரு நட்சத்திரம். கடதாசியில் எழுதிய காலத்திலிருந்தே எங்கள் ஆட்கள் கல்லுக்கு நட்சத்திரம் போடுகிறவர்கள். நீயும் அந்த வழக்கத்தை அப்படியே கணினிக்குள் கொண்டுவந்தாய். பழைய செற் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம்தான் காட்டும். வரிசை ஒழுங்காக வரவேண்டும் என்று மூன்றாவதாக ஒரு பூச்சியத்தை நீதான் எல்லா எண்ணுக்கும் ஒட்டிவிட்டாய். அது எண்ணை மாற்றாது. பார்க்க வடிவாக இருக்கும். உனக்கு எப்போதும் வடிவாக இருக்கவேண்டும்.

பழைய செற் உப்பில் செத்துப்போனது. ரவுனுக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தார்கள். அதற்குள் நம் கோப்பை ஏற்றினால் முதல் நட்சத்திரத்தைக் கண்டவுடனேயே நின்றுவிடுகிறது. அதற்கு நட்சத்திரம் பிடிக்கவில்லை. காலையில் இவர் வாசலில் நின்று அவசரப்படுத்தினார்.

“இஞ்சேருமப்பா, முடிஞ்சுதோ? செபஸ்தி இஞ்சினைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறான்.”

“நட்சத்திரம் எல்லாத்தையும் எடுக்கோணும். பொறுங்கோ.”

“எடுத்துத் துலையும். வானத்திலயே கிடக்கு, ஏணி வைச்சுப் பிடுங்க?”

சிரித்துக்கொண்டுதான் செய்தேன்.

தேடி மாற்றுகிற பெட்டியைத் திறந்தேன். தேடுகிற இடத்தில் ஒரு நட்சத்திரம் போட்டேன். மாற்றுகிற இடத்தை வெறுமையாக விட்டேன். பெட்டியின் கீழே, புள்ளியும் நட்சத்திரமும் போட்ட அந்தச் சின்னச் சதுரம் முன்பு ஒருதரம் நான் அமத்தியபடியே இருந்தது. அது அமர்ந்திருந்தால் குறிகளுக்கெல்லாம் வேறு சட்டம் என்பது உனக்குச் சொல்லத் தேவையில்லை. சிவப்பு எழுத்தில் கோளாறு என்று வந்தது. அப்போது உன் குரல் கேட்டது, பிள்ளை. ‘முன்னால ஒண்டு போடோணும் அக்கா.’ அவ்வளவுதான் கேட்டது. என்ன போடவேண்டும் என்பது கேட்கவில்லை.

நட்சத்திரம் இருந்த எல்லா இடத்திலும் அதற்கு முன்னால் உன் பூச்சியம் நின்றது. அந்தப் பூச்சியம் போனாலும் எண் மாறாது என்பதும் எனக்குத் தெரியும். ஆகவே பூச்சியத்தை முன்னால் போட்டேன். 0* என்று தேடச் சொல்லி, நெற்றியில் சிலுவை அடையாளம் வைத்து, எல்லாவற்றையும் மாற்று என்று அமத்தினேன்.

உனக்கு இப்போதே விளங்கியிருக்கும். எனக்கு விளங்க மத்தியானம் கழிந்தது.

செபஸ்தியின் பெயர் கோயில் முழுக்க நிறைந்த நாள் நினைவிருக்கிறதா? நவநாள் செபத்தாளை நீயும் நானும் இந்த மேசையில்தான் தட்டினோம். ஒவ்வொரு நாளும் செபம் நடத்துகிறவர்களின் பெயரைச் சுருக்காமல் எழுதச் சொன்னார் சுவாமி. உன் மனுசனின் பெயரை ‘செ.’ என்று பல இடத்தில் போட்டிருந்தோம். அதைத் தேடி ‘செபஸ்தியான்’ என்று மாற்றச் சொன்னாய். அந்தச் சதுரம் அன்றைக்கும் அமர்ந்திருந்தது. தாளைப் பார்த்தால் ‘செபம்’ இருந்த இடமெல்லாம் செபஸ்தியான், ‘செய்’ இருந்த இடமெல்லாம் செபஸ்தியான். நீ கதிரையிலிருந்து வழுக்கி நிலத்தில் இருந்து சிரித்தாய்.

“அக்கா, வீட்டிலதான் எங்க பாத்தாலும் இந்த மனுசன் எண்டால் கோயிலுக்கையுமோ!”

மாமிக்குக் கோபம். “தேவ காரியத்தில பகிடி விடாதேங்கோ பிள்ளையள்.” பிறகு தாளை வாங்கிக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்து வாசித்துவிட்டு அவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்று நீ அதை விடவில்லை. துறைமுக வீதியில் நீ வேலை செய்த கொமினிகேஷன் கடையில், ஆட்கள் வராத நேரத்தில் போனில் ஏதோ வீடியோ பார்த்துக் கண்டுபிடித்தாய். அடுத்த நாள் பஸ்ஸால் இறங்கி, பையைக்கூட உன் வீட்டில் வைக்காமல் நேரே இங்கே வந்தாய்.

“அக்கா, ஆளைப் பிடிச்சிட்டன். புள்ளி தனியா நிண்டால் அது புள்ளி இல்லை. எந்த எழுத்தெண்டாலும் சரியெண்டு விழுங்கும். அதுக்கு முன்னால இடப்பக்கம் சாய்ஞ்ச கோடு ஒண்டு போடோணும். போட்டால் வெறும் புள்ளி.”

“அப்ப நட்சத்திரம்?”

“நட்சத்திரம் அதைவிடப் பொல்லாதது. தனக்கு முன்னால நிக்கிறதைப் பிடிச்சுக்கொள்ளும். அது ஒருதரம் வந்தாலும் சரி, பத்துத்தரம் வந்தாலும் சரி, வராமலே விட்டாலும் சரி எண்டும்.”

எனக்கு ஏறவில்லை. நீ ஜன்னலால் ரோட்டைக் காட்டினாய். கடற்படை வாகனம் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

“அங்க பாருங்கோ. தோளில நட்சத்திரம் குத்திக்கொண்டு வந்தால் ஆள் கட்டளை போடும், நாங்கள் ஓடோணும். அதே ஆள் வீட்டில சாரத்தோட இருந்தால் பெண்சாதி சொல்ல மரக்கறி வெட்டும். சாய்ஞ்ச கோடு எண்டது அந்தச் சாரம். முன்னால உடுத்திவிட்டால் நட்சத்திரம் பேசாமல் நட்சத்திரமா இருக்கும்.”

சாரமும் மரக்கறியும் எனக்கு நினைவில் நின்றன. கோடு நிற்கவில்லை. உனக்கு இப்படி ஒரு மாணவி.

காலையில் அமத்தியபின் பார்த்தேன். நட்சத்திரங்கள் அப்படியே நின்றன. அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்தேன். கீழே எத்தனையோ மாற்றங்கள் என்று ஒரு வரி வந்தது. அதை நான் கவனிக்கவில்லை. சதுரத்தைத் தட்டி அணைத்தேன். இந்த முறை நட்சத்திரத்தை மட்டும் தேடி அழித்தேன். எல்லாம் போனது. முதல் இரண்டு மூன்று வரியை மேலோட்டமாகப் பார்த்தேன். சரியாக இருந்தன. கடைசிப் பூச்சியம் இல்லைத்தான். போகட்டும் என்று விட்டேன். வயரைக் கொழுவிச் செற்றுக்குள் ஏற்றினேன். இவர் கண்ணாடியைப் பார்த்து, “வந்திட்டுது, எல்லாம் வந்திட்டுது, கெட்டிக்காரி” என்றார். செபஸ்தி வாசலில் நின்று, “அவள் இருந்தால் இதுக்கு ஒரு பிளேன்ரீ கேட்டிருப்பாள்” என்று சொல்லிவிட்டுப் போனார். இஞ்சின் வேலையும் முடிந்து, சோற்றைக் கட்டிக்கொண்டு மத்தியானம் இறங்கினார்கள்.

நீ இருந்தவரை ஒரு கோப்பும் வாசித்துப் பார்க்காமல் இந்த வீட்டைவிட்டுப் போனதில்லை. மாற்றுவதற்கு முன் கணினிக்குள் ஒரு கொப்பியும் கடதாசியில் ஒரு கொப்பியும் எடுத்து வைப்பாய். மாற்றிய பின் ஒருத்தி புதியதைச் சத்தமாக வாசிக்க, மற்றவள் பழையதில் விரல் வைத்து வரவேண்டும். ‘தனியப் பாக்கிற கண் தான் நினைச்சதைத்தான் பாக்கும் அக்கா’ என்பாய். வீட்டுச் செலவுக் கணக்கையே இரண்டுதரம் கூட்டிப் பார்க்கிற எனக்கு அது நன்றாகப் பிடித்துக்கொண்டது. நீ போனபிறகு வாசிக்க ஆள் இல்லை. மாமிக்கு இப்போது சின்ன எழுத்துத் தெரியாது. இவருக்குப் பொறுமை இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக நான் தனியே பார்க்கத் தொடங்கினேன். ஒரு பிழையும் வரவில்லை. அதனால் பிழை வராது என்று நினைத்துவிட்டேன்.

சட்டிகளைக் கழுவி முடித்து, கணினியை மூடப் போனபோது மனம் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஜெனிற்றா சாப்பிட வந்தாள்.

“பெரியம்மா, என்ன கறி?”

“சூடை. சாப்பிட்டுக்கொண்டே இதை ஒருக்கா வாசி, நான் அம்மா எடுத்து வைச்ச கடதாசிக் கொப்பியைப் பாக்கிறன்.”

“சோத்துக்கு வாசிப்புக் கூலியோ?” என்றவள் ஒரு கையால் முள் எடுத்துக்கொண்டு வாசித்தாள். வீடு, சரி. பெரிய பார், சரி. எருமைக்கல்லு, சரி.

“வாய் தெற்கு. நாற்பத்து மூண்டு தசம் அஞ்சு.”

“தசம் பூச்சியம் அஞ்சு எண்டு வாசி பிள்ளை.”

“பூச்சியம் இல்லை பெரியம்மா.”

“இருக்கு. வடிவாப் பார்.”

“இல்லை. நீங்கள் வந்து பாருங்கோ.”

போய்ப் பார்த்தேன். பழையதில் 43.050*. புதியதில் 43.5. அடுத்த வரி, வாய் வடக்கு. பழையதில் 43.090*. புதியதில் 43.9.

ஐந்து சதத்துக்கும் ஐம்பது சதத்துக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியாதா? நான் தேடச் சொன்னது உன் கடைசிப் பூச்சியத்தையும் நட்சத்திரத்தையும். அது தேடியது பூச்சியங்களை, எங்கே எத்தனை இருந்தாலும். நட்சத்திரத்தைத் தொடவில்லை, ஏனென்றால் நட்சத்திரம்தான் அதற்குக் கட்டளை போட்டது. கடைசிப் பூச்சியம் போன இடத்தில் பழுதில்லை. நடுப்பூச்சியம் இருந்த இடத்திலெல்லாம் எண் வேறாகிவிட்டது. கோப்பு முழுவதையும் வாசித்துப் பார்த்தோம். நடுப்பூச்சியம் இருந்தது அந்த இரண்டு வரியில் மட்டும்.

அந்த இரண்டு வரியில்!

நீ ஒருநாளும் போட்டில் ஏறியதில்லை. ஏறினால் சத்தி வரும் என்பாய். ஆனால் வாய் என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். கரைக்குச் சற்று முன்னால் நீளமாகக் கிடக்கிற பாரில் ஓர் இடத்தில்தான் போட் நுழைய ஏலும். தெற்கு உதடு, வடக்கு உதடு, நடுவில் ஒடுக்கமான தண்ணீர். பகலில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து வருவார்கள். இருட்டில் முன்பெல்லாம் கரை வெளிச்சத்தைப் பார்த்து வந்தார்கள். இப்போது நிலாவெளிப் பக்கம் முழுக்க ஹோட்டல் வெளிச்சம். எது எதுவென்று ஒருவருக்கும் தெரியாது. அதனால்தானே செற்றை நம்புகிறார்கள். இன்றைக்கு அந்தக் கண்ணாடியில் வாய் அரை மைலுக்குக் கிட்ட வடக்கே நிற்கிறது. அதுவும் தாராளமாக, அகலமாக, எந்தப் போட்டும் கண்ணை மூடிக்கொண்டு நுழையலாம் என்பதுபோல. அந்த இடத்தில் முழுக்கக் கல்லு.

“என்ன பிள்ளையள், சத்தத்தைக் காணேல்ல?” என்று கேட்டார் மாமி.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பிப்போய் மெழுகுதிரியைக் கொளுத்தினார்.

ஜெனிற்றாவின் கையில் சோறு காய்ந்துபோய் இருந்தது. “அப்பாக்குத் தெரியாதோ?” என்றாள்.

“தெரியாது.”

“அம்மா இருந்தால் என்ன செய்திருப்பா?”

அவள் குற்றமாகக் கேட்கவில்லை. வழி கேட்டாள். ஆனால் பிள்ளை, அந்தக் கேள்வி என் நெஞ்சில் ஏறி நின்றுகொண்டது.

போன் எடுத்தோம். இவருடைய இலக்கத்துக்கும் செபஸ்தியின் இலக்கத்துக்கும் மாறி மாறி எடுத்தோம். எடுக்க முடியாது என்று அந்தப் பெண் மூன்று மொழியில் சொல்கிறாள். செய்தி அனுப்பினேன்: ‘வாய் பிழை. செற்றைப் பார்த்து வாய்க்குள் வரவேண்டாம். தெற்கு 43.05, வடக்கு 43.09.’ ஒற்றைச் சரியடையாளம் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. கரையைவிட்டு விலகினால் தொடர்பு இருக்காது. திரும்பிக் கிட்ட வந்தால் கிடைக்கும். ஆனால் உப்புத்தண்ணீர் படாமல் போனை டப்பாவுக்குள் போட்டு மூடி வைத்திருப்பார்கள். கரையில் இறங்கித்தான் திறப்பார்கள்.

அதன்பிறகு கரைக்கு ஓடினோம். அருளப்பு அண்ணை நிழலில் வலை பொத்திக்கொண்டு இருந்தார். இந்தக் கரையில் அந்த நேரம் இஞ்சினோடு நின்றது அவருடைய போட் ஒன்றுதான்.

“அண்ணை, போட் இறக்குவீங்களோ?”

“இறக்கலாம். என்ன, பிக்னிக்கோ?”

“இவையின்ர செற்றில நான் ஏத்தின எண் பிழைச்சுப்போச்சு. நடுவில ஒரு பூச்சியம் இல்லை.”

அவருடன் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். “பூச்சியம் துலைஞ்சு போச்செண்டு கடலுக்கை தேடப் போறதோ தங்கச்சி? பூச்சியம் எண்டால் ஒண்டுமில்லைத்தானே! ஒண்டுமில்லாததுக்கு நான் எண்ணெய் எரிக்கிறதோ?”

உன் மகள் முன்னால் வந்தாள். உன் குரல் அப்படியே. “மாமா, அப்பாவின்ர செற்றில வாய் வடக்கால காட்டுது.”

“எவ்வளவு வடக்கால?”

“அரை மைலுக்குக் கிட்ட.”

அவர் வலை ஊசியைக் கீழே வைத்தார். சிரிப்பு எல்லார் முகத்திலும் ஒன்றாக நின்றுபோனது. “அங்க முழுக்கக் கல்லெல்லோ” என்று மெதுவாகச் சொன்னார். பிறகு எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் பார்த்துக் கத்தினார்: “எடியே, எண்ணெய்க் கானைக் கொண்டா! ஏன் எண்டு பிறகு கேள்!”

எண்ணை எழுதிக் கொடுக்கவேண்டும் என்றேன். ஜெனிற்றா ஒரு கடதாசி மட்டையில் எழுதினாள், நான் பழைய கொப்பியைப் பார்த்துச் சொன்னேன். பிறகு அவள் வாசித்தாள், நான் விரல் வைத்துப் பார்த்தேன். மறுபடி ஒருதரம். அருளப்பு அண்ணை போட்டைத் தள்ளிக்கொண்டே, “இது என்ன, பூசையோ? கெதியா!” என்றார். நான் விடவில்லை. இன்னொருதரம் வாசிக்கச் சொன்னேன்.

“ஆக்களைக் கண்டால் எனக்கு எண்ணும் வேண்டாம், எழுத்தும் வேண்டாம்” என்றார் அவர். “எனக்குப் பின்னால வாங்கோடா எண்டு கூட்டிக்கொண்டு வருவன். காணாட்டித்தான்…” மிச்சத்தை இஞ்சின் சத்தம் எடுத்துக்கொண்டது.

வலை விடுகிற இடம் குச்சவெளிப் பக்கமா, அதற்கும் அங்காலா என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது. மீன் எங்கேயோ அங்கே போவார்கள். கச்சான் காற்று வேறு. கரையிலிருந்து வெளியே தள்ளுகிறது. இவர்கள் நினைத்ததைவிடத் தூரம் போயிருப்பார்கள்.

இப்போது நான் வீட்டில். அருளப்பு அண்ணை போய் நேரமாகிவிட்டது. இரண்டு போட்டையும் காணவில்லை. பின்பக்கத்துப் பனைகளுக்குள் சூரியன் இறங்குகிறது. கடல் இன்னும் வெளிச்சமாக இருக்கிறது. கல்லு இருக்கிற இடமெல்லாம் மண்ணிறமாகத் தெரிகிறது. இந்த வெளிச்சம் இருக்கும்வரை அவர்களுக்குக் கண் போதும். அது போனால் நான் ஏற்றிய எண்தான் கண்.

சும்மா இருக்க ஏலாமல் கோப்பைத் திருத்தினேன். கணினிக்குள் நீ எடுத்து வைத்த பழைய கொப்பியைத் திறந்தேன். சதுரத்தை அமத்தினேன். தேடுகிற இடத்தில் உன் சாய்ந்த கோட்டை முதலில் போட்டு, அதன் பின்னால் நட்சத்திரத்தைப் போட்டேன். நட்சத்திரங்கள் மட்டும் போயின. ஒரு பூச்சியமும் அசையவில்லை. எவ்வளவு சின்ன விஷயம், பிள்ளை! ஒரு விசை. கராம்பெண்ணெய் மணக்கிற அந்தக் கணினியின் வலப்பக்கத்தில், நீ அடிக்கடி தட்டி எழுத்து அழிந்துபோன விசை. காலையில் அதை ஒருதரம் தட்டியிருந்தால் நான் இப்போது இரவுச் சாப்பாட்டுக்கு மா குழைத்துக்கொண்டு இருப்பேன். சரியான கோப்பு இப்போது மேசையில் இருக்கிறது. பிழையானது கடலில் இருக்கிறது.

சற்றுமுன் ஜெனிற்றா வந்து தண்ணீர் குடித்தாள். “ஒரு போட் தெரியுது, ஆனால் அது எங்கட இல்லை” என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் ஓடினாள். அவள் அழவில்லை. அழுதால் பரவாயில்லை என்றிருக்கிறது. நீ இல்லாமல் அவள் இருக்கப் பழகிய இந்த ஒரு வருடத்தில் அவளுக்கு இருந்தது செபஸ்திதான். என் மனுசனைப் பற்றி நான் பயப்படுகிற பயம் ஒரு பக்கம். உன் பிள்ளைக்கு மிஞ்சியிருக்கிற ஒருவரை என் கை எடுத்துக்கொண்டுவிடுமோ என்கிற பயம் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவதை நான் மாமியிடம்கூடச் சொல்லவில்லை.

“எழுதினது போதும், செபத்துக்கு வா” என்று மாமி கூப்பிடுகிறார்.

“இதுவும் அதுதான் மாமி.”

“அப்ப சத்தமாச் சொல்லு. எனக்கும் கேக்கட்டும்.”

சத்தமாகச் சொல்ல ஏலாது. நீ ஆசுபத்திரியில் கடைசியாகக் கிடந்த அந்தக் கிழமை எனக்குச் சொன்னதை நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஜன்னலுக்கு அங்கால் துறைமுகத்தின் கப்பல் வெளிச்சம் தெரிந்த கட்டில். வலி குறைந்திருந்த ஒரு காலை. என் கையைப் பிடித்தாய். மகளைப் பற்றிச் சொல்லப்போகிறாய் என்று நான் குனிந்தேன். நீ சொன்னது கோப்பைப் பற்றி.

“அக்கா, கடல் புள்ளியை நீங்கள் வைச்சிருங்கோ. அவருக்கு இலக்கம் ஓடாது. கடலுக்குப் போகேக்க ஒருக்காப் பாத்து விடுங்கோ.”

நான் ஓம் என்றேன். நீ அதோடு விடவில்லை. “வாசிச்சுப் பாத்து” என்றாய். அதற்கும் ஓம் என்றேன். நீ விட்டுப்போன உடுப்பை ஜெனிற்றாவுக்குக் கொடுத்துவிட்டேன், உன் குடையைப் பிள்ளைகள் உடைத்துவிட்டார்கள், கணினியும் ஒருநாள் பழுதாகும். என்னிடம் மிஞ்சப்போவது அந்த இரண்டு ஓமும்தான். ஒன்றைக் காப்பாற்றினேன் என்று நினைத்துக்கொண்டு மற்றதை எப்போது விட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. இனி யாருடைய எண்ணானாலும், எவ்வளவு அவசரமானாலும், ஒருத்தி வாசிக்க மற்றவள் பார்க்காமல் இந்த மேசையைவிட்டுப் போகாது. ஜெனிற்றாவுக்கு அந்தக் கோட்டைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். சாரக் கதையையும் சொன்னேன். அரைவாசியில் அவள் குறுக்கிட்டாள். மிச்சத்தை அவளே சொன்னாள். உன்னிடம் முன்பே கேட்டிருக்கிறாள்.

ஹோட்டல் பக்கம் முதல் விளக்கு எரிந்துவிட்டது. கல்லின் மண்ணிறம் இனித் தெரியவில்லை, கடல் எல்லாம் ஒரே நிறம். போனைப் பார்க்கிறேன். அந்த ஒற்றைச் சரியடையாளம் அப்படியே நிற்கிறது.

நான் படித்தவள் இல்லை, பிள்ளை. கோயிலில் கேட்டதும் உன்னிடம் கேட்டதும்தான் எனக்குத் தெரிந்தது. மரித்தவர்கள் எங்களுக்காகப் பேசுவார்கள் என்பதைச் சின்ன வயதிலிருந்து நம்புகிறேன், இன்றைக்கு அதை விட்டால் எனக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. எங்கள் போன் போகாத இடத்துக்கு நீ போவாய். செபஸ்தி யார் சொன்னாலும் கேட்கமாட்டார், நீ சொன்னால் கேட்பார். வாய்க்குக் கிட்ட வரமுன்னம் இஞ்சினைக் குறைக்கச் சொல்லு. டப்பாவைத் திறந்து போனை ஒருக்காப் பார்க்கச் சொல்லு. பார்த்தவுடன், ‘கண்டிட்டம்’ என்று ஒரு சொல்லாவது, கெதியாகப் பதில் போடச் சொல்லு.